‘இல்லை’ என்று ஒரு சான்றிதழ்

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். நாலைந்து பக்கம் போதும், இளைஞர்களுக்கு ஊக்கம் தருவதாக இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஊக்கம் என்னிடம் இல்லை. கோபம் இருக்கிறது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. அதனால் அதைத்தான் எழுதப் போகிறேன். பொன்னான நினைவுகள் வேண்டும் என்பவர்கள் என்னோடு வேலை பார்த்த மற்றவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் கீழே சமவெளியில் இருக்கிறது. கொடைக்கானலில் இருப்பது மலை மையம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஆய்விதழ்களை இணையத்திலேயே தேடிப் படிக்கும் தரவுத்தளங்கள் இங்கே வந்தன. அதற்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கட்டுரை வேண்டுமென்றால் சென்னைக்கோ டெல்லிக்கோ எழுதிப் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் வரும் வரை தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இனி ஒரு சொல்லைத் தட்டினால் போதும் என்றார்கள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரியில் கேக் வாங்கி, குடியிருந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். கணினி அறை என்றால் ஏசி இருக்க வேண்டும் என்பது கீழே இருந்து வந்த உத்தரவு. கொடைக்கானலில் ஏசி! வெளியே எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி, உள்ளே ஏசி ஓடும். அது போதாது என்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் கணினி கெட்டுப்போகுமாம். ஆராய்ச்சி மாணவர்கள் சில்லிட்ட சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி நடுங்குவார்கள். கணினிகள் மட்டும் வெல்வெட் உறை போர்த்திக்கொண்டு கதகதப்பாக இருக்கும்.

நின்றார்கள் என்றுதான் சொன்னேன், உட்கார்ந்தார்கள் என்று சொல்லவில்லை. கணினிக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. ரயில் டிக்கெட் கவுன்டரில் கொடுப்பதுபோல, ஆய்வுத் தலைப்பை ஒரு சீட்டில் எழுதிக் கீழ்ச் சந்து வழியாக நீட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பொறுப்பாளர் அதைப் படித்து, தனக்குத் தோன்றிய ஆங்கிலச் சொல்லைத் தட்டி, வந்ததை அச்செடுத்துக் கொடுப்பார். மாணவர்கள் விசைப்பலகையில் கை வைக்கக் கூடாது. அந்தத் தளங்களோ நம் வளாகத்துக் கணினிகளில் மட்டுமே திறக்கும். ஊர் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாலும் பயனில்லை. பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. கணினியை இயக்கத் தெரிந்தவர், தேடத் தெரியாதவர். இரண்டும் ஒரே வேலை என்று நினைத்தவர்களின் கையில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

இதற்கு மேல் ஒரு கூத்து. ஆய்வுக்குப் பதிவு செய்ய வருகிறவர் தன் தலைப்பில் முன் ஆய்வு இல்லை என்று நூலகத்திடம் சான்று வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் “இந்த நூலகத்தில் உள்ள நூல்களில் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுப்போம். அது உண்மை, அதில் ஒரு அடக்கமும் இருந்தது. தரவுத்தளம் வந்ததும் வாசகத்தை மாற்றினார்கள். “உலக அளவில் முன் ஆய்வு ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.” அதற்கு ஒரு வட்ட முத்திரை, நூலகர் கையெழுத்து.

நான் நூலக ஊழியர் கூட்டத்திலேயே கேட்டேன்: “உலகத்துலயே இல்லைன்னு சொல்ல நாம யாருங்க சார்?”

நூலகர் சிரித்தார். “கம்ப்யூட்டரே இல்லைங்குது மேடம். நீங்க என்ன, கம்ப்யூட்டருக்கு மேலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். கணினி ‘இல்லை’ என்று சொல்வதே கிடையாது. நீ தட்டிய சொல்லுக்கு என்னிடம் ஒன்றும் அகப்படவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். இதைச் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது, கூட்டமும் முடிந்துவிட்டது.

ஜெயராணிக்கும் அந்த அறையில்தான் சான்று கொடுத்தார்கள். பெரும்பாறைப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெண். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்தியக் குடியுரிமை கொடுக்கப்பட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பின்னால் போருக்குத் தப்பி வந்து முகாம்களில் இருக்கும் அகதிகள் வேறு, இவர்கள் வேறு. கொடைக்கானலில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது.

அவள் வரலாற்றுத் துறை. ஆய்வு தமிழில். ‘பழனிமலைத் தோட்டங்களில் தாயகம் திரும்பிய பெண்கள்’ என்ற தலைப்பைச் சீட்டில் தமிழிலேயே எழுதிச் சந்து வழியாக நீட்டியிருக்கிறாள். பொறுப்பாளர் படித்தார். இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டார். அகதிகள். அதை ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினார்.

கண்ணாடிக்கு வெளியே இருந்து அவள் சொல்லியிருக்கிறாள்: “சார், நாங்க அகதி இல்லைங்க. ரிபேட்ரியேட்னு போடணும்ங்க.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா. சிலோன்லருந்து வந்தவங்கதானே?”

“நானே ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டுங்களா சார்?”

“ஸ்காலர்ஸ் கை வைக்கக் கூடாது.”

பழனி, அகதிகள், பெண்கள். மூன்றையும் சேர்த்துத் தட்டியதும் திரையில் ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அந்த மக்களுக்கு அகதிகள் என்று பெயர் இல்லை. நம் மலைக்கும் ஆங்கில ஆய்விதழ்களில் வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி ‘பல்னி’ என்றுதான் பெயர். ‘பழனி’ என்று மட்டும் தட்டினால் பழனிச்சாமி என்ற யாரோ ஒரு வேதியியல்காரரின் கட்டுரைகள்தான் வரும், நானே பிறகு தட்டிப் பார்த்தேன். பொறுப்பாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனார். நூலகர் கையெழுத்துப் போட்டார். உலக அளவில் இல்லை. முத்திரை விழுந்தது.

சில வருடம் அவள் உழைத்தாள். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்து வந்த பெண்களோடு லயத்து வாசலில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு எழுதினாள். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். அவள் பேசி முடித்ததும் அவர் கேட்டது இதுதான்:

“இதே விஷயத்துல ஒரு பேப்பர் வந்திருக்கு. நானே படிச்சிருக்கேன். உங்க ஆய்வுல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. தெரியாம விட்டீங்களா, தெரிஞ்சே மறைச்சீங்களா?”

அவள் சான்றிதழைக் காட்டினாள். நிபுணர் அதை வாங்கிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “இல்லைன்னு ஒரு சர்டிஃபிகேட்டா?” என்றார். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் முழுத் தகுதி உடையவர்கள். அவளுடைய நெறியாளர், தலைப்பைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மறுபடி கூடுவோம், அதற்குள் அந்தக் கட்டுரைக்கும் இந்த ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பதிவு ரத்து என்று முடிவாயிற்று. பதிவு ரத்தானால் உழைப்பு போவது மட்டும் இல்லை, திருடி என்ற பெயரும் கூடவே வரும்.

அன்று மாலையே நூலகர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடும் குழு. அந்த நேரத்தில் இப்படி ஒரு விவகாரம் கிளம்பியதில் அவருக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். டைப் அடித்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மாணவி கொடுத்த சீட்டிலேயே ‘அகதிகள்’ என்றுதான் எழுதியிருந்தது, நூலகம் அதன்படியே தேடியது என்று அதில் இருந்தது. சீட்டு எங்கே என்றேன். பழைய சீட்டுகளை எல்லாம் எப்போதோ குப்பையில் போட்டாயிற்றாம்.

“நீங்க அந்த ரூமுக்கு எதிர்லதானே உக்காந்திருக்கீங்க. சீட்டைப் பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“நான் பாக்கலைங்களே சார்.”

“பாத்ததா வச்சுக்கங்க மேடம். நிறுவனம்னு ஒண்ணு இருக்குல்ல.”

என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் மேலாகவே கிடந்தது. பேசும்போதெல்லாம் அதை விரலால் தட்டிக்கொண்டே பேசினார். நிறுவனம் என்று அவர் சொன்னது அவரைத்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற ஒவ்வொருவனும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறான், நீங்களும் இனிமேல் நிறையக் கேட்பீர்கள். “பாக்காததுக்குக் கையெழுத்துப் போட எனக்குப் பழக்கம் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜெயராணி வெளிப்படியில் மழைச்சாரலில் உட்கார்ந்திருந்தாள். “அந்தச் சீட்டு கெடைச்சிருமாங்க மேடம்? தமிழ்லதான் எழுதினேன், சத்தியமா” என்றாள்.

“சீட்டை விடு” என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

நெருக்கடி வந்தால் யார் தப்பு செய்தது என்று நிரூபிக்கத்தான் மனசு ஓடும். சீட்டு கிடைத்திருந்தால் பொறுப்பாளர் தப்பு செய்தார் என்று ஆகியிருக்கும், அவ்வளவுதான். நிபுணர் கேட்ட கேள்வி அப்படியே நின்றிருக்கும். அவர் சீட்டைக் கேட்கவில்லை, கட்டுரையைக் கேட்டார். அதைப் படித்தால்தான் பதில் சொல்ல முடியும். கேட்டது என்னவோ அதை முதலில் தேடுங்கள், பழி தீர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்று எனக்கு அந்த அளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பொதுவாக எனக்கு வராது.

அன்று வெள்ளிக்கிழமை, கணினி அறையை அதற்குள் பூட்டிவிட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விடவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து தொலைபேசிக் கம்பியும் அறுந்து, இணைப்பு செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து ஓடினேன். இணைப்பு வந்திருந்தது. அறை பூட்டியிருந்தது. மதிப்பீட்டுக் குழுவுக்காகத் தரையை பினாயில் போட்டுத் துடைத்து, கணினிகளுக்குப் புது உறை போட்டுவிட்டார்கள். பொறுப்பாளர் சாவியோடு வாசலில் நின்றார்.

“கமிட்டி வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுன்னு ஆர்டர் மேடம்.”

“இந்தப் பொண்ணுக்குப் பத்து மணிக்குக் கூட்டம். வெரசா முடிச்சுருவோம், தொறங்க.”

“நீங்க வேணா வாங்க. அந்தப் பொண்ணு வேணாம்.”

நான் அய்யம்பாளையத்துக்காரி. உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து அலுவலகத்தில் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அன்று பேசினேன். “ஏலே, தொறடா கதவ! உங்க அப்பன் வீட்டுச் சொத்தா இது?” என்று நான் கத்தியது மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது. அவர் திறந்துவிட்டார்.

ஜெயராணி குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள். “கழட்டாத. அப்படியே வா” என்றேன். ஈர மண் ஒட்டிய செருப்போடு உள்ளே வந்தாள். தடுப்பைத் தாண்டிக் கூட்டிப் போய், வெல்வெட் உறையை உருவி, நாற்காலியில் உட்கார வைத்தேன். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாணவி அவள்தான். ஆங்கிலத்தில் என்ன தட்ட வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை, அது அவளுக்குத் தெரியும். மலைக்குப் ‘பல்னி’ என்று போடு என்று மட்டும் சொன்னேன்.

பக்கம் மெதுவாகத் திறந்தது. வரிசையாகத் தலைப்புகள் வந்தன. நிபுணர் சொன்ன கட்டுரை மட்டும் இல்லை, வேறு பலவும் இருந்தன. அவள் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“எல்லாம் இங்கதான் கெடக்கு மேடம்” என்றாள். “எங்க பேரச் சொல்லிக் கூப்பிடாமப் போயிட்டாங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கண்ணாடித் தடுப்பை நாற்காலியால் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

கட்டுரையைத் திறந்து இருவரும் படித்தோம். எழுதியவர் தோட்டத்து பங்களாவில் தங்கி, முதலாளிகளையும் மேஸ்திரிகளையும் பேட்டி கண்டிருக்கிறார். பெண்களைப் பற்றி ஒரு பத்தி. அவர்கள் பேச முன்வரவில்லை என்று எழுதியிருந்தார். ஜெயராணி அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். சில நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் இருந்த பெண், அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை.

“எங்க அம்மாவா பேச முன்வரல? தேத்தண்ணி ஆறி ஏடு கட்டுற வரைக்கும் பேசும் மேடம் அது!”

அச்செடுக்கப் போனபோது பொறுப்பாளர், “கமிட்டிக்கு வச்சிருக்க இங்க் மேடம்” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு சோலி இருப்பதுபோல வெளியே போய்விட்டார்.

கூட்டத்துக்குள் என்னை விடவில்லை. உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். கட்டுரையை நிபுணர் முன்னால் வைத்து, அதில் அந்தப் பத்தியைக் காட்டியிருக்கிறாள். “அவங்க பங்களாவுல உக்காந்து எழுதியிருக்காங்க சார். நான் லயத்துல உக்காந்து எழுதியிருக்கேன்.” அவர் வெகுநேரம் கேள்வி கேட்டாராம். கடைசியில், இது திருட்டு இல்லை, அதே ஆய்வும் இல்லை, ஆனால் முன்னால் வந்ததையெல்லாம் படிக்காமல் எழுதிய ஆய்வை ஏற்க முடியாது, எல்லாவற்றையும் படித்து மறுபடி எழுதிக் கொண்டு வாருங்கள் என்றாராம். அவர் சொன்னது நியாயம். அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

வருத்தம் மற்றவர்கள் மேல்தான். தண்டனை யாருக்கு வந்தது என்று பாருங்கள். உதவித்தொகை நின்று, ஜெயராணி கன்னிவாடியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போனாள். விடுமுறை நாட்களில் பஸ் ஏறி மலைக்கு வந்து படித்து, முழுசாக மாற்றி எழுதினாள். பொய்ச் சான்று கொடுத்த நூலகம் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பொறுப்பாளர் அதே நாற்காலியில் இருந்தார். என்னைப் பைண்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள், என் பதவி உயர்வு எனக்கு அடுத்தவருக்குப் போயிற்று. மதிப்பீட்டுக் குழு வந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே போய், ஏசியில் நடுங்கிக்கொண்டே, கணினி வசதி மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போனது. செருப்பு மண்ணை அதற்கு முன்பே துடைத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு மாற்றம் நடந்தது. சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: “தேடலின் முடிவுகளுக்கு நூலகம் பொறுப்பல்ல.” உலகத்திலேயே இல்லை என்று முத்திரை குத்தியவர்களுக்கு வந்த திடீர் அடக்கம்! அந்தத் தாளை முதலில் பார்த்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

இப்போது உங்களிடம் ஏசியும் இல்லை, கண்ணாடித் தடுப்பும் இல்லை. மாணவர்கள் செல்போனிலேயே தேடுகிறார்கள். அதனால் இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் யாராவது வந்து கேட்டால் நீங்கள் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு “இல்லைங்க” என்கிறீர்கள். நானே பார்வையாளராக வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள். இந்தச் சொல்லுக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைத் தட்டுங்கள். முடிந்தால் எழுந்து நின்றுகொண்டு அவர்களை உட்கார வையுங்கள்.

ஜெயராணிக்குப் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வன்று அவளுடைய அம்மா வந்திருந்தார். பைண்டிங் பிரிவைத் தேடி வந்து என்னிடம் பேசினார், நான் நடுவில் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்கவில்லை. ஆய்வேட்டின் ஒரு பிரதி நம் நூலகத்துக்கு வந்தது. பட்டியலில் ஏற்றியவர்கள், எதைப் பற்றிய ஆய்வு என்று காட்ட அதற்குக் கொடுத்த பொருள் தலைப்பு என்ன தெரியுமா? அகதிகள். நான் போய்ச் சண்டை போட்டு, பக்கத்திலேயே நின்று மாற்ற வைத்தேன்.

சென்ற வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது, நம் நூலகத்தின் இணையப் பட்டியலில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று தட்டினேன். முடிவுகள் இல்லை. அவள் பெயரைத் தட்டினேன், ஆய்வேடு வந்தது. பொருள் தலைப்பில் மறுபடியும் அகதிகள். புது மென்பொருளுக்கு மாற்றியபோது திருத்தாத பழைய நகலை ஏற்றிவிட்டீர்களாம். தொலைபேசியில் கேட்டால், “பாக்குறோம் மேடம்” என்று உங்களில் ஒருவர்தான் சொன்னார்.

என்னை வைத்து விழா எடுக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். பொன்னாடை எல்லாம் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள். நாளைக் காலையில் நான் வீட்டிலிருந்து மறுபடி தட்டிப் பார்ப்பேன்.